கன்கஷனுக்கு (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) அப்புறம் எப்போது ஆட விடலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். விளையாட்டு மருத்துவர்கள், பிசியோக்கள், பயிற்சியாளர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். பள்ளிக் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் தடுப்பாட்டக்காரப் பெண், 15 வயது, பந்தைத் தலையால் முட்டப் போய் எதிரணிப் பெண்ணோடு மண்டை மோதி விழுந்தாள். உடனே வெளியே எடுத்து மருத்துவரிடம் காட்டியாயிற்று, கன்கஷன்தான் என்றார், சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இப்போது அந்த ஸ்கேனைக் காட்டித்தான் அரையிறுதியில் இறக்கச் சொல்லி வீட்டிலும் நெருக்குகிறார்கள், நிர்வாகமும் நெருக்குகிறது. ஸ்கேன் ரத்தக்கசிவு, எலும்பு முறிவு பார்க்கத்தான், கன்கஷன் அதில் தெரியாது என்றால் யார் காதிலும் ஏறவில்லை.

விளையாட்டில் வரும் கன்கஷன் பற்றிய 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில், ஆட்டத்துக்குப் படிப்படியாகத் திரும்ப வகுத்த ஆறு படிகளைத்தான் பின்பற்றுகிறோம், படிக்குக் குறைந்தது 24 மணி நேரம். ஓட்டம் வரை வந்துவிட்டாள். "வலியே இல்லை சார்" என்கிறாள், ஆனால் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்குகிறாள், சொன்ன பயிற்சியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், முன்பு அப்படிக் கேட்கிற பிள்ளையே இல்லை.

ஆட வேண்டும் என்ற ஆசையில் அறிகுறிகளை மறைக்கிற பிள்ளையிடம் உண்மையை எப்படி வாங்குகிறீர்கள்? வகுப்பாசிரியரிடமும் விசாரிப்பது உதவுமா? சமநிலைச் சோதனையை அடிபடுவதற்கு முன்பே எடுத்து வைக்காதபோது எதோடு ஒப்பிடுவது? அப்புறம், முழுசாக ஆறும் முன் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதைப் பெற்றோருக்குப் பதற்றம் வராமல் எப்படிச் சொல்வது? மருத்துவர் எழுத்தில் அனுமதி தராமல் மோதல் பயிற்சிக்கு நான் விடப் போவதில்லை, அதில் மாற்றமில்லை.