யாருடைய சீவாளி?

குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் எங்கள் ஊர். இந்தப் பக்கத்தில், நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த சீவாளி என்று எதையாவது பொத்தி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அத்தனையும் அசல் என்றால் மனிதர் தினம் ஒரு சீவாளி மாற்றியிருக்க வேண்டும். என்னிடமும் ஒன்று இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: நாகஸ்வரத்தின் நுனியில் செருகி வாயில் வைத்து ஊதுவார்களே, அதுதான் சீவாளி. காவிரிக்கரைக் கொறுக்கைப் புல்லைப் பதப்படுத்தி நூலால் கட்டிச் செய்வது. தேயும், பிளக்கும், ஈரத்துக்கு ஒரு மாதிரி வெயிலுக்கு ஒரு மாதிரி பேசும். அதனால் வித்வான்கள் நாலைந்தை நூலில் கோத்து வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். தேய்ந்ததைப் பக்கத்தில் இருக்கும் பையனிடம் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆகவே அப்படி ஒன்று எங்கேயாவது ஒரு வீட்டில் தங்கியிருந்தால் ஆச்சரியமில்லை.

எனக்குக் கொடுத்தவர் கோயில் மேளக்காரர் குடும்பத்துப் பெரியவர். பித்தளைச் சுண்ணாம்பு டப்பாவில் பஞ்சுக்குள் சுருட்டி வைத்திருந்தார். “எங்க அப்பாவுக்குப் பிள்ளைவாள் தன் கையால குடுத்தது தம்பி. என் பசங்க யாரும் வாசிக்கல. நீ வச்சுக்க” என்றார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், கூட 501 ரூபாய் வைத்து நீட்டினேன். ரூபாயை என் பையிலேயே திணித்துவிட்டுப் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சும்மா இருந்திருக்கலாம். மூன்று மாதம்தான் இருக்க முடிந்தது. அப்புறம் சீவாளி கட்டுகிறவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் வாசல் திண்ணைக்கு வந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகத்தால் அடிக்கட்டை இரண்டு சுரண்டு சுரண்டினார். “நூலைப் பாத்தீங்களா? நைலான்.” பிள்ளை காலமானது 1956இல். அந்தக் காலத்தில் சீவாளிக்கு நைலான் ஏது என்பது அவர் கேள்வி. என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, “புல்லு பழசாத்தான் தெரியுது. கட்டு விட்டுப்போய் யாராவது திரும்பக் கட்டியிருக்கலாம். யார் கண்டா?” என்றார்.

இப்போது அந்த டப்பாவுக்குள் ஒரு சீட்டு இருக்கிறது. யார் கொடுத்தார், என்றைக்கு, யாருடையது என்று சொன்னார், கட்டு நைலான் நூல். “சொன்னார்” என்ற வார்த்தைக்கு அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். டப்பாவைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, அசல் என்று பீற்றிக்கொள்ளவும் வாய் வரவில்லை.

சேர்ப்பதில் எத்தனையோ ரகம். பெரும்பாலானவர்கள் என்னைப் போலவே கையெழுத்தில்தான் தொடங்கியிருப்பார்கள். கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும்போது கோயில் உற்சவ நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒரு பெரிய தவில் வித்வானிடம் வாங்கியதுதான் முதல் ஆட்டோகிராஃப். கையில் பேனா இல்லை, யாரோ கொடுத்த ஊதா ஸ்கெட்ச் பேனா. மறுநாளே லேமினேஷன் செய்து கூடத்துச் சுவரில், ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினேன். இரண்டு கோடை போதுமாக இருந்தது. ஊதா ரோஜா நிறமாகி, ரோஜா நிறம் ஒன்றுமில்லாமல் போனது. இன்றைக்கு அது பளபளப்பான உறைக்குள் ஒரு வெள்ளைத்தாள். பிரித்தெடுக்கவும் வழியில்லை. தயவுசெய்து எதையும் லேமினேட் செய்யாதீர்கள்.

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை சமயத்தில் கிடைத்த கையெழுத்து வேறு வகை. புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடி முடித்ததும் பந்தலே இடம் பெயர்ந்த மாதிரி ஒரு நெரிசல் வரும். அதில் போய் நோட்டை நீட்டினால் கையெழுத்தும் கிடைக்காது, செருப்பும் கிடைக்காது. நான் அதற்கு முந்தைய நாள், மேடையிலிருந்து இறங்கி ஓரமாக நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்த வயதான பாடகர் ஒருவரிடம் போனேன். நோட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்: “இப்போ பாடினேனே, என்ன ராகம்?”

எனக்கு வியர்த்துவிட்டது. “கல்யாணி” என்று உளறினேன்.

“பாதி சரி” என்று சிரித்துவிட்டுக் காபி டம்ளரை என் கையில் கொடுத்தார். நோட்டில் ‘பூர்விகல்யாணி’ என்று முதலில் எழுதி, அதன் கீழே கையெழுத்து, அதன் கீழே தேதி. டம்ளரிலிருந்து வழிந்த ஒரு சொட்டுக் காபி தேதிக்குப் பக்கத்தில் வட்டமாகக் காய்ந்திருக்கிறது. என் நோட்டில் இருக்கும் எண்பது சொச்சம் கையெழுத்துகளில் யார் வந்து சந்தேகப்பட்டாலும் நான் கவலைப்படாத ஒன்று இதுதான்.

கவலைப்பட வேண்டியவை விலைக்கு வருபவை. மாயவரத்தில் பிறந்த பாடகர்-நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு இன்னும் எங்கள் பக்கம் தனி மவுசு. எம்.கே.டி. கையெழுத்திட்ட புகைப்படம், 1941 தேதியோடு, என்று ஒரு வியாபாரி காட்டினார். பாகவதர் கிராப் எல்லாம் கச்சிதம், படமும் பழைய அச்சுதான். என் தாய்மாமா தபால் இலாகாவில் இருந்தவர், பேனா விஷயத்தில் கில்லாடி. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “இங்க பாருடா, கோடு நடுவில பள்ளம் விழுந்திருக்கு, ஓரத்துல மசி ஒதுங்கியிருக்கு. இது பால்பாயின்ட்.” பால்பாயின்ட் பேனா உலகத்தில் கடைக்கு வந்ததே 1940களின் நடுவில்தான். வியாபாரி சளைக்கவில்லை. “பிற்பாடு கையெழுத்துப் போட்டுத் தேதியைப் பழசாப் போட்டிருப்பாரு சார்” என்றார். மாமா வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

அச்சடித்த கையெழுத்து இன்னொரு கண்ணி. ரசிகர்களுக்கு அனுப்புவதற்காகவே படத்தோடு சேர்த்துக் கையெழுத்தையும் அச்சடித்துவிடுவார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, எழுபது வருடம் கழித்து அதை அசல் என்று விற்பதில்தான் இருக்கிறது. லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு.

நான் அதிகம் தேடுவது சினிமாப் பாட்டுப் புத்தகம். பழைய பேப்பர் கடைகளில் இன்னும் எடைக்குக் கிடைக்கிறது, கடைக்காரருக்கு விஷயம் தெரியாதவரை. பாட்டுகளோடு கதைச் சுருக்கமும் போட்டு, முக்கியமான இடத்தில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்கள். நான் பார்த்ததிலேயே அருமையானது என்னிடம் இல்லை. மாயவரத்தில் ஒரு பாட்டியிடம் இருக்கிறது. 1944இல் வந்து மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தின் புத்தகம். அட்டை போய்விட்டது, தையல் நூலில் கோத்து வைத்திருக்கிறார்கள். ஓரமெல்லாம் அவர் மாமியார் பென்சிலால் போட்ட குறிகள்: பாடத் தெரிந்த பாட்டுக்கு ஒரு சுழி, பாதி தெரிந்ததற்குப் பாதிச் சுழி, பாகவதர் மூச்சை நீட்டிப் பிடித்த இடங்களில் ஒரு இழுப்புக் கோடு. நடுப்பக்கத்தில் குங்குமம் கொட்டிய கறை.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டது என் தப்பு. “ஏன் தம்பி, மாமியாரை யாராவது விப்பாங்களா?” என்றார். பிறகு போட்டோ எடுத்துக்கொள்ளவிட்டார், காபியும் கொடுத்தார். பாகவதர் தொட்டதில்லை, கையெழுத்தும் இல்லை. இருந்தாலும் மூச்சை இழுத்த இடமெல்லாம் குறித்துவைத்த அந்தப் புத்தகத்துக்கு முன்னால் என் சேகரிப்பு முழுக்கச் சப்பென்று இருந்தது.

இசைத்தட்டில் நான் செய்த அசட்டுத்தனத்தையும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டு, பத்து அங்குலம், பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பாடும். அழுக்காக வந்த ஒன்றை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது, அழுக்கு நன்றாகப் போகிறது என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். எதிர்வீட்டுத் தச்சு ஆசாரி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “அது அரக்குங்க! பாலிஷ் போட நாங்க அதை ஸ்பிரிட்லதானே கரைக்கிறோம்?” அந்தப் பக்கம் இப்போது கடலிரைச்சல் மாதிரி ஒலிக்கிறது.

பூச்சிக்கு மட்டும் ஒரு நல்ல வழி கற்றேன். தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்துக் கற்பூரம் சேர்த்து முடிச்சாக வைப்பார்கள். என் பெட்டியிலும் அதுதான். ஏட்டை அரிக்கும் இராமபாணப் பூச்சி வருவதில்லை. பெட்டியைத் திறந்தால் பிரியாணி வாசம் என்பாள் என் மனைவி.

தண்ணீருக்கு அப்படி ஒரு முடிச்சு கிடையாது. வேதாரண்யம் பக்கத்தில் எனக்கு ஒரு நண்பர், நாகஸ்வரத் தட்டுகளும் கச்சேரிப் படங்களுமாக முப்பது வருடம் சேர்த்தவர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது ஓடு முழுக்கப் போய், டிரங்குப் பெட்டிகள் மழையில் திறந்து கிடந்தன. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுத்தமான தண்ணீரில் ஊறவைத்திருந்தால் சில பிரிந்து வந்திருக்கும். அவர் வெயிலில் காயவைத்துப் பிரிக்கப் பார்த்தார், முகங்கள் பாதி இதில் பாதி அதில் என்று கிழிந்து வந்தன. தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நடுவில் ஒட்டியிருந்த லேபிள் அத்தனையும் ஊறிக் கழன்று பெட்டியின் அடியில் கூழாகிவிட்டது. எது யார் வாசித்தது என்று சொல்ல ஒரு எழுத்து மிச்சமில்லை.

போன பொங்கலுக்கு நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் புது ஊசி போட்டு, ஒவ்வொன்றாக வைத்தார். கேட்டுக் கேட்டுப் பெயர் கண்டுபிடித்து, அரிசி மாவுப் பசையால் சீட்டு ஒட்டுவதுதான் திட்டம். ரொம்பப் பழைய வாய்ப்பாட்டுத் தட்டு ஒன்றில் பாடியவரே கடைசியில் தன் பெயரைச் சொல்லி முடித்தார். அதற்கு எல்லோரும் கைதட்டினோம்.

ஏழாவது தட்டு நாகஸ்வரம். தோடி ராகம். முதல் நொடியிலேயே நண்பர் “ராஜரத்தினம் பிள்ளை!” என்று எழுந்து நின்றுவிட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் நைலான் நூல் ஞாபகம் வந்தது, வாயைத் திறக்கவில்லை. எங்களோடு வந்த திருவாரூர்க்காரர் ‘இல்லவே இல்லை’ என்றார். நான்காமவர் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னொரு தடவை போடுங்கண்ணே” என்றார். ஊசியை மாற்றி மறுபடி வைத்தோம்.

சீட்டில் ‘தோடி’ என்று மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறது.