முப்பத்தைந்து சென்ட் பங்களாவும் ஓர் அறை லயமும்: மூணாறுக்குச் சிங்கப்பூர்க் கணக்கு பொருந்துமா?

திரும்பிவந்தவன்:
மூணாறு தேயிலைத் தோட்டங்களில், கம்பெனி தந்த ஓரறை வரிசை வீடுகளான லயங்களில் வாழும் குடும்பங்களுக்குத் தலா ஐந்து சென்ட் நிலமும் பட்டயமும் (உரிமைப் பத்திரமும்) கேட்கும் மனுவில் நான் கையெழுத்திடப் போவதில்லை. சிங்கப்பூரில் பதினோரு ஆண்டுகள் கட்டட வேலை பார்த்தவன் நான். ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள அந்நாட்டில், மனைகளில் அவற்றின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதை அரசின் பெருந்திட்டமே வரையறுக்கிறது. அடுக்குமாடி மனைகள் பலவற்றுக்கு அது 2.8 மடங்கு. 1960இல் தொடங்கிய வீட்டு வசதி வாரியத்தின் வீடுகளில்தான் இன்று அங்குள்ளவர்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வாழ்கிறார்கள். மூணாறிலும் நான்கு மாடி கட்டினால் போதும். ஐந்து சென்டாகக் கூறு போட்டால் அடுத்த தலைமுறைக்குக் கல்லும் பள்ளமும்தான் மிஞ்சும்.

லயத்துமகள்:
அண்ணன் பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டார். அதே பெருந்திட்டத்தில் உயர்தரப் பங்களாக்களுக்கென 39 பகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே ஒரு மனை குறைந்தது 1,400 சதுர மீட்டர், நம் கணக்கில் முப்பத்தைந்து சென்ட், அதில் எழும்புவதோ இரண்டு தளம். அந்த மனைக்கும் 2.8 மடங்கு அனுமதித்தால் முப்பது குடும்பங்களுக்கு மேல் குடியிருக்கலாம். நிலம் சுருங்கிய ஊரிலும் பணக்காரனுக்குச் சுருங்கவில்லை என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

திரும்பிவந்தவன்:
அது உண்மைதான், தங்கச்சி. ஆனால் பங்களா போலத் தனி மனையில் நிற்கும் தரைவீடுகள் அங்குள்ள மொத்த வீடுகளில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடுதான். தனியார் அடுக்குமாடிகள் பலவற்றுக்கான நிலத்தையும் அரசே இன்ன பயன், இத்தனை மடங்கு என்று நிபந்தனை எழுதி, பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் விடுகிறது.

ஏலக்காட்டான்:
அங்கே 1966இன் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தால் ஏராளமான நிலம் அரசின் கைக்கு வந்தது; எந்த வகை வீடு எங்கே என்று கோடு போட அது அரசுக்கு உதவியது. இங்கே 1971இல் சட்டம் இயற்றிக் மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலை நிலங்களைக் கேரள அரசு மீட்டபோதும், தேயிலைப் பயிருக்கான பகுதி தேயிலைக் கம்பெனியிடமே விடப்பட்டது. நிலம் யாருடையது என்பது தீராமல் மாடிகளை எண்ணுவது கொளுந்து கிள்ளும் முன் எடை போடுவது போன்றது. 2020 ஆகஸ்டில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவில் 70 உயிர்கள் போன பிறகு, எந்தச் சரிவில் எதைக் கட்டுவது என்பதையும் பார்க்க வேண்டும். மாடியானாலும் ஒற்றை வீடானாலும் மண் ஒன்றே.

லயத்துமகள்:
அவர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகையாவது உண்டு. எங்கள் அப்பா ஓய்வு பெற்றபோது, அறைச் சாவியை ஒப்படைத்தால்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று எஸ்டேட் ஆபீஸில் சொன்னார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் புழங்கிய சாவியை அம்மா முந்தானையிலிருந்து அவிழ்த்து மேஜையில் வைத்தார். நாங்கள் கேட்பது சென்ட் கணக்கை மட்டும் அல்ல.

திரும்பிவந்தவன்:
அப்படியானால் மனுவைத் திருத்துங்கள். “ஐந்து சென்ட்” என்பதை எடுத்துவிட்டு, “அவரவர் பெயரில் பட்டயத்துடன் வீடு” என்று எழுதினால் இன்றே கையெழுத்திடுகிறேன்.

லயத்துமகள்:
எழுதலாம். ஆனால் வேலை நின்ற பிறகு எங்கள் வீட்டில் அடுப்பெரிவது முன்பு லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த ஒரு பசுமாட்டின் பாலாலும், ஒரு பாத்தி பீன்ஸாலும்தான். நான்காவது மாடியில் அம்மா மாட்டை எங்கே கட்டுவார் என்பதையும் திருத்தத்தில் எழுதித் தாருங்கள், அண்ணா.