மறுமொழி: ஆவணித் திருவிழாவுக்குப் பெரிய ஸ்பீக்கர்ப் பெட்டி வாங்குவது பற்றி

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

நம்மட ஊராரின் கனடாக் கிளை எழுதிய யோசனையைப் பார்த்தோம். கடைசி இரவு இசைநிகழ்ச்சிக்கும் கூத்துக்கும் ஊரிலேயே நிற்கிற மாதிரி பெரிய ஸ்பீக்கர் தொகுதி ஒன்று வாங்கித் தரலாம் என்கிறீர்கள். மனம் பெரிது, நன்றி. ஆனால் நம்மட கோயில் வெளியில் பாட்டு விளங்காமல் போவது பெட்டி சின்னது என்பதால் இல்லை. கரண்ட் மெலிவு, பெட்டி வைக்கிற இடம், மைக் பிடிக்கிற விதம் மூன்றும் பிழை. பிழையோடு பெட்டியைப் பெருப்பித்தால் பிழைதான் பெரிதாகக் கேட்கும்.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் வாற்றுப் பெட்டியை இரண்டாயிரம் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது கொஞ்சம் கூடின மாதிரித்தான். தூரம் இரட்டிக்கிற ஒவ்வொரு முறையும் திறந்த வெளியில் 6 டெசிபல் விழும். மேடைக்கு 3 மீற்றரில் பாயில் இருக்கிற பிள்ளைக்கும் 48 மீற்றரில் ஆலமரத்தடியில் நிற்கிறவருக்கும் இடையில் 24 டெசிபல் வித்தியாசம். மரத்தடிக்காரருக்குச் சொல் விளங்க வேண்டுமென்று மேடையில் சத்தத்தை ஏற்றினால் முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு இருக்கும். வழி என்னவென்றால், மேடையில் 12 அங்குலப் பெட்டி இரண்டு, 25 மீற்றர் தள்ளி இன்னும் இரண்டு. பின்னால் நிற்கிற சோடிக்கு மிக்ஸரில் பிந்தல் (டிலே, சத்தத்தைக் கொஞ்சம் பிந்தி விடுவது) கொடுக்க வேண்டும். நம்மட இரவுச் சூட்டில் சத்தம் ஒரு மீற்றர் போக 2.9 மில்லிசெக்கன் எடுக்கும். ஆகவே 25 மீற்றருக்கு 72, அதோடு ஒரு பத்தைக் கூட்டி 82 வைத்தால் பாட்டு மேடையிலிருந்தே வருகிற மாதிரி இருக்கும். பிந்தல் வைக்காவிட்டால் ஒரு சொல் இரண்டு தரம் கேட்கும். தென்னையில் கட்டுகிற குழாய் ஹோர்னில் நடப்பதும் இதுதான். 175 மீற்றர் தள்ளி நிற்கிற ஹோர்ன் அரைச் செக்கன் பிந்திப் பேசும். அறிவித்தலுக்கும் விடியப்புறப் பக்திப்பாட்டுக்கும் ஹோர்ன் போதும். மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் (இடப்பக்க அடிச்சத்தம்) அதில் வராது, வாயால் சொல்கிற கொன்னக்கோல் மாதிரித்தான் கேட்கும்.

இனிக் கரண்ட். பணம் போக வேண்டிய இடம் முதலில் இதுதான். ஒற்றைக் கட்ட 30 அம்பியர் இணைப்பில் 230 வோல்ட் என்று எடுத்தால் 6,900 வாற்று. அதில் 500 வாற்று ஹலஜன் எட்டு ஏற்றினால் 4,000 விளக்குக்கே போய்விடும். அதே எட்டை 100 வாற்று எல்.ஈ.டி. ஆக்கினால் 800. மிச்சத்தில் இசைக்குழு தாராளமாக ஓடும்.

வயர் இழுக்கிறவர்கள் வழக்கமாக மடத்து மின்பலகையிலிருந்து மேடைவரை 60 மீற்றருக்கு 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயரைத்தான் போடுவார்கள். போக வர 120 மீற்றர், தடை 0.9 ஓம் அளவு. 15 அம்பியர் ஓடினால் 13 வோல்ட் வழியிலேயே போய்விடும். திருவிழா இரவில் எல்லா வீட்டிலும் மின்விளக்கு மாலை எரிகிற நேரம் மடத்திலேயே மீற்றர் 205 காட்டினால் மேடைக்குப் போய்ச் சேருவது 192. மத்தளம் ஓங்கி விழுகிற நேரம் கீபோர்ட் திரை அணைந்து எழும்புகிறதா? கீபோர்டைக் குறை சொல்லக் கூடாது, வயர்தான் காரணம். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் அதே ஓட்டத்துக்கு 5 அல்லது 6 வோல்ட்தான் விழும். விளக்குக்கு வேறு வயர், சத்தத்துக்கு வேறு வயர். இரண்டையும் ஒன்றாக்கினால் விளக்கைக் கூட்டிக் குறைக்கிற ஒவ்வொரு தரமும் ஸ்பீக்கர் இரையும்.

இரைச்சல் வந்தவுடன் பிளக்கின் மண்முள்ளை (எர்த் முள்ளை) முறிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதை ஒருவரும் செய்ய விடாதீர்கள். கிற்றாரைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கில் வாயை வைக்கிறவருக்குப் போகிற கரண்ட் அது. கீபோர்ட், மிக்ஸர், அம்ப் எல்லாம் ஒரே பலகையில் இருந்தால் பாதி இரைச்சல் போய்விடும். மிச்சத்துக்குக் கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் டி.ஐ. பெட்டி (வழியில் இரைச்சலை அறுக்கிற சின்னப் பெட்டி) ஒன்று போதும். மேடைப் பலகையில் கரண்ட் கசிந்தால் தானே விழுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். ஆவணியில் மணல் காய்ந்து கிடக்கும், எர்த் கம்பியடியில் பின்னேரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். இதற்கு ஒரு சதம் செலவில்லை, ஆனாலும் ஆரும் செய்வதில்லை.

ஜெனறேற்றர் எடுப்பதென்றால் 10 கே.வி.ஏ. டீசல். அது தருவது 8 கிலோவாற்று, அதில் எழுபது வீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. மணிக்கு 2 முதல் 3 லீற்றர் குடிக்கும். மடத்துக்குப் பின்பக்கமாக 40 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு சொல். நமக்கு ஆவணியில் கச்சான் என்கிற மேல்காற்று வீசும், பொழுதுபட மெல்ல ஓயும். காற்றுக்கு எதிராகப் பெட்டியைத் திருப்பினால் மேல் சுருதி எல்லாம் சிதறிச் சொல் தேய்ந்துவிடும். மேடை மேற்கில் இருந்து கிழக்கே பார்த்தால் காற்றே சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போகும். சாமி வாசலை வைத்துத்தான் மேடை என்றால் மேடையை விடுங்கள், பெட்டியையாவது சரித்து வையுங்கள். இரவு ஏறித் தரை குளிர்ந்தவுடன் சத்தம் மேலே போகாமல் தாழ்ந்து படர்ந்து வயல் தாண்டிப் போகும். ஏழு மணிக்கு வைத்த அளவை ஒன்பது மணிக்குக் குறைக்காவிட்டால் அடுத்த ஊரிலிருந்து முறைப்பாடு வரும்.

கூத்துக்கு வருவோம். இங்கேதான் சவுண்ட்காரர் எல்லாரும் தடுமாறுவது. மேடை நிகழ்ச்சியில் பெட்டி முன்னால், மைக் பின்னால், சனம் ஒரு பக்கம். கூத்தாடுகிற வட்டக்களரியில் சனம் நாலு பக்கமும் இருக்கும். பெட்டியை எங்கே திருப்பினாலும் ஏதோ ஒரு மைக்கைப் பார்க்கும், உடனே கூவும். ஆட்டக்காரர் கையில் மைக்கைக் கொடுத்தால் தாளக்கட்டுக்கு ஆடுகிற கை நின்றுபோகும். வில்லும் வாளும் பிடிக்கிற கை அது.

செய்ய வேண்டியது இப்படி. களரியின் நடுவில் அண்ணாவியார் (கூத்தைப் பழக்கி நடத்துகிறவர்), மத்தளம், சல்லரி (கைத்தாளம்), பிற்பாட்டு, கொப்பி பார்ப்பவர் நிற்கிறார்கள். அங்கே இரண்டே இரண்டு மைக். ஒன்று அண்ணாவியாருக்கு, ஒன்று பிற்பாட்டுக்காரருக்கு நடுவில் வாய்க்கு ஒரு சாண் தள்ளி. மத்தளத்துக்கு மைக் வேண்டாம், அது தானாகவே வரும். களரிக் கம்பங்களில் நாலு 8 அங்குலப் பெட்டியை வெளியே பார்த்தபடி, தலைக்கு மேலே கட்டிக் கொஞ்சம் கீழே சாய்க்க வேண்டும். சப்வூபர் கூடவே கூடாது. அடிச்சத்தம் பெட்டிக்குப் பின்னாலும் சுற்றிக்கொண்டு நடு மைக்குக்குள் வந்துவிடும். மிக்ஸரில் அடிச்சத்தத்தை வெட்டுகிற லோ கட் பொத்தானை அமுக்கி, 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே குறைத்துவிடுங்கள். ஆட்டக்காரர் ஒரு அடி பாட, பிற்பாட்டு அதை அப்படியே எடுத்துத் திருப்பிச் சொல்லுது. மைக் இல்லாத காலத்தில் கடைசி ஆளுக்குச் சொல் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். பிற்பாட்டைத் துலக்கமாகக் கேட்க வைத்தால் கதை விளங்கிவிடும். காதில் மாட்டுகிற வயர்லெஸ் மைக் பத்து வாங்கலாம் என்று மெல்பேர்ணிலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஆட்டத்தின் வியர்வையில் மலிவானது ஒரு வருசம் தாங்காது. முடியும் மாலையும் உரசுகிற சத்தமும் அதில் ஏறும்.

மற்ற வாத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நாதஸ்வரத்தின் அணைசுக்கு (கீழே விரிந்த வாய்க்கு) நேரே மைக் வைத்தால் கத்தும், பக்கவாட்டில் ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். தவிலுக்கு நம்மட வெளியில் மைக் தேவையே இல்லை. ஆர்மோனியத்துக்கு ஓர் அடி. பாடுகிறவர் மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் எந்த ஷூர் (Shure) கம்பனி மைக்கும் கூவும், தண்டில் பிடிக்கச் சொல்லுங்கள். பனியிலும் உப்புக் காற்றிலும் தோல் தளரும். ஏழு மணிக்குச் சுருதி சேர்த்த மிருதங்கம் ஒன்பது மணிக்கு இறங்கியிருக்கும். நிகழ்ச்சி நிரலில் அதற்கென்று ஐந்து நிமிடம் விடாமல், நடுவில் தட்டிச் சேர்க்கிறவரைப் பார்த்து முகம் சுளிப்பது நியாயமில்லை. பறை வந்தால் தோலைக் காய்ச்ச வைக்கோல் ஒரு கட்டும் பக்கத்தில் நெருப்புக்கு இடமும் வேண்டும், பந்தலுக்குத் தள்ளி.

நேரம். திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு லொறி, ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்துகிற பாதைப் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு மணிக்கு வரச் சொன்னால் மூன்றுக்காவது வரும். நாலரைக்கு மைக் சோதனை, பள்ளிவாசலில் பொழுதுபடச் சொல்கிற மஃரிப் பாங்குக்கு முன்னம் முடித்துவிட வேண்டும். பாங்கு நேரம் ஸ்பீக்கரை நிறுத்துவது நம்மட பக்கத்து வழக்கம், வெளியூர்ச் சவுண்ட்காரருக்கு முதலே சொல்லி வையுங்கள்.

ஒலிபெருக்கி அனுமதி இலங்கைப் பொலிஸ் கட்டளைச் சட்டம் 80ஆம் பிரிவின் கீழ் பொலிஸ் நிலையத்தில் எடுப்பது. ஆலய சபைக் கடிதம், கிராம உத்தியோகத்தர் கடிதம், தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதி இரண்டு கிழமைக்கு முன்னம் கொடுத்துவிடுங்கள். 2007 இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளைக்குப் பிறகு இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி இறுக்கம். அதனால் இசைக்குழு ஏழு முதல் ஒன்பதே கால் வரை, கூத்து ஒன்பதரைக்கு. பத்துக்கு மைக்கை நிறுத்திவிட்டுக் கூத்தை வெறும் குரலில் கொண்டு போகலாம், சனம் களரியைச் சுற்றிக் கிட்ட வந்து இருக்கும். பரீட்சைக் காலம் குறுக்கே வருகிறதா என்று தேதி வைக்க முன்னமே பாருங்கள்.

நேரலை கேட்டவர்களுக்கு. போனின் சொந்த மைக்கில் எடுத்தால் பக்கத்தில் கச்சான் கடலை கொறிக்கிறவர்தான் கேட்பார். மிக்ஸரிலிருந்து தனி வெளியீடு எடுத்துச் சத்தத்தைப் போனுக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிற சின்ன ஓடியோ இன்டர்பேஸ் வழியாகப் போனுக்குக் கொடுக்க வேண்டும். நேரே குத்தினால் சத்தம் உடைந்து வரும். சனத்தின் கைதட்டல் வர ஒரு மைக்கைத் தனியாக வெளியே திருப்பி அதில் மட்டும் கலக்கலாம். சினிமாப் பாட்டுப் பாடுகிற இடங்களில் பேஸ்புக் சத்தத்தை அமத்திவிடும், அப்போது இணைப்புப் போய்விட்டது என்று ஊருக்குப் போன் அடிக்காதீர்கள். ஊரில் இரவு 8 மணி என்றால் ரொறன்ரோவில் காலை 10.30, லண்டனில் பின்னேரம் 3.30, பாரிஸில் 4.30, மெல்பேர்ணில் நடுச்சாமம் 12.30.

ஆகவே கிளைகள் தருகிற பணத்துக்கு நம்மட பட்டியல் இது: 6 சதுர மில்லிமீற்றர் வயர் 70 மீற்றர், ட்ரிப் சுவிட்சோடு மேடைப் பலகை ஒன்று, எல்.ஈ.டி. எட்டு, பாட்டு மைக் எட்டு, தாங்கி எட்டு, 10 மீற்றர் எக்ஸ்.எல்.ஆர். மைக் கேபிள் பன்னிரண்டு, டி.ஐ. பெட்டி இரண்டு, 8 அங்குலப் பெட்டி நாலு. 12 அங்குலப் பெட்டியும் மிக்ஸரும் வாடகைக்கே இருக்கட்டும், அதைப் பார்க்கிற ஆளும் கூடவே வருவார். வாங்கியதை மடத்துக் களஞ்சியத்தில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் போட்டால் எலி வயரைக் கொறிக்கும். மாரி தொடங்க முன்னம், புரட்டாதிக்குள், மைக்குகளைத் துடைத்து மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலத்தோடு வைக்க வேண்டும். திறப்பு இரண்டு, ஒன்று ஆலய சபையிடம், மற்றது மாதர் சங்கத்திடம். எதை எடுத்தாலும் கொப்பியில் எழுதிக் கையெழுத்து.