புதுப்பிப்பு: தட்டைப் பாண் எழும்பிவிட்டது

ஈஸ்ட் போடாமல், புளித்த மாவாலேயே பொங்கவைக்கும் சவர்டோ பாண் தட்டையாகப் பரவி, உள்ளே களிபோல ஒட்டுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். தண்ணீர் கூடிவிட்டது என்றுதான் பலர் சொன்னீர்கள். அதுவும் சரிதான்; 500 கிராம் கோதுமை மாவுக்கு 350 கிராம் விட்டதை 325 ஆகக் குறைத்தேன். ஆனால் பெரிய குற்றவாளி கொழும்பு வெள்ளவத்தை வெக்கை. குளிர்நாட்டுச் செய்முறையைப் பார்த்து 10 மணித்தியாலம் புளிக்க வைத்திருந்தேன். என் குசினியிலோ 31 பாகை! அப்பத்துக்குக் கரைத்த மா எவ்வளவு கெதியாகப் பொங்கும் என்று தெரிந்தும் யோசிக்கவில்லை பாருங்கள்.

இப்போது மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. குழைத்த மாவில் ஒரு உருண்டையைச் சின்னக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, அதன் மட்டத்தில் இறப்பர் வளையம் மாட்டிவிடுவேன். அது பாதியளவு கூடினால் போதும், மிச்ச மாவை உருட்டி இரவு முழுக்க பிரிட்ஜில் வைப்பேன். மா அந்தளவுக்குப் பொங்க நாலரை மணித்தியாலம்தான் பிடித்தது. அப்புறம் காலையில், நன்றாகச் சூடேறிய மூடிபோட்ட இரும்புச் சட்டியில் 240 பாகையில் 25 நிமிடம். மூடியைத் திறந்து இன்னும் 20.

வெளியே எடுத்ததும் மேலோடு மெல்லப் படபடவென்று வெடித்தது. ஒரு மணித்தியாலமாவது ஆறவிட வேண்டும். அம்மா விடவில்லை. சூட்டோடு வெட்டி, பருப்பில் தோய்த்து, "புளிக்குது... இன்னொரு துண்டு வெட்டு" என்றார்.