சால்தோரோ காங்ரி 2: இன்னும் ஏன் யாரும் ஏறவில்லை?

பனிமுகடு:
சியாச்சினுக்கு மேற்கே இருக்கும் சால்தோரோ காங்ரியின் முதல் சிகரத்தில் (7,742 மீட்டர்) 1962லேயே ஜப்பானிய-பாகிஸ்தானியக் குழு ஏறிவிட்டது. பக்கத்துச் சிகரம் அதைவிடச் சற்றுக் குறைவு, 7,705 மீட்டர். அதன் உச்சியை இதுவரை ஒருவரும் தொடவில்லை. அவ்வளவு கடினமான மலையா?

வரைபடப் பிரியன்:
கோடுதான் காரணம். 1949ல் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த கராச்சி ஒப்பந்தம் என்.ஜே.9842 என்ற புள்ளியோடு எல்லையைக் குறிப்பதை நிறுத்திக்கொண்டது. அதற்கு மேல் "வடக்கே பனியாறுகள் வரை" என்று மட்டும் எழுதிவைத்தார்கள். இரு நாடும் அதை வேறுவேறாகப் படித்தன. 1984 ஏப்ரல் 13 முதல் அந்தச் சிகரங்கள் இருக்கும் முகடு இந்திய ராணுவத்தின் இடம்.

பழைய சிப்பாய்:
தம்பி, நான் அந்த முகட்டில் காவலுக்கு இருந்தவன். மேலே போகுமுன், எங்களைக் காப்பதாக நாங்கள் நம்பும் ஓ.பி. பாபாவின் கோயிலில் சொல்லிவிட்டுப் போவோம், இறங்கியதும் மறுபடி அங்கே போய் நிற்போம். விடியுமுன் பனி இறுகியிருக்கும்போதே ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டு நடக்க வேண்டும். வெயில் ஏறினால் பிளவுகளை மூடியிருக்கும் பனி இளகிவிடும். வெறுங்கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கூடாரத்துக்குள் மண்ணெண்ணெய் அடுப்பின் கரி. துப்பினால் எச்சில் கறுப்பாக வரும்.

2003 நவம்பரில் சண்டை நின்றது, சாவு நிற்கவில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் காவல்நிலையில் பனிச்சரிவு. மெட்ராஸ் ரெஜிமென்ட் 19ஆம் பட்டாலியனின் பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறாம் நாள் ஒருவரை உயிரோடு எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

பனிமுகடு:
ஐயா, படிக்கவே மனசு கனக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஏறும் வழி தெரியுமா?

பழைய சிப்பாய்:
1981ல் நம் ராணுவத்தின் கர்னல் நரேந்திர குமாரின் குழு முதல் சிகரத்தில் ஏறியது. அங்கிருந்து முகடு கொஞ்சம் தாழ்ந்து, இரண்டாம் சிகரமாக மறுபடி எழும். மேகம் விலகிய காலைகளில் இரண்டும் சேர்ந்து தெரியும், கண்ணை எடுக்க முடியாது. பைனாகுலர் என் கையிலேயே இருந்தது தம்பி. ஆனால் அதை வைத்து ஆள் நடமாட்டத்தைத்தான் தேடினேன். வழி தேடிப் பார்த்ததே இல்லை.