கொள்ளுத்தாத்தாவின் செய்தித் துணுக்கு: குடும்பக் குழுவில் ஒரு மாலை

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். நம் தாத்தாவின் நினைவு நாள் அன்னதான அழைப்பிதழ் நாளை அச்சுக்குப் போகிறது. அவர் மறைவைச் சொல்லும், 5 அக்டோபர் 1931 தேதியிட்ட ஆங்கில நாளிதழ்த் துணுக்கை மீண்டும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். '28ஆம் தேதி' என்பதை அடுத்து வரும் சொல்லும், பதவிப் பெயரின் இரண்டாம் எழுத்தும் மங்கியிருக்கின்றன. முன்னதை அப்பா 'அக்ட்.' (Oct., அதாவது அக்டோபர்) என்றே படித்தார்.

கோவை அத்தை: அதை லேமினேட் செய்து பாழாக்கியது யார் என்று நான் கேட்கப் போவதில்லை, அண்ணா.

சித்தப்பா: படம் தலைகீழாக வந்திருக்கிறது.

பெங்களூர் அக்கா: பெரியப்பா, ஐந்தாம் தேதி அச்சான தாளில் அதே மாதம் இருபத்தெட்டாம் தேதி இறந்தவரின் செய்தி எப்படி வந்திருக்கும்?

சித்தப்பா: ஐயையோ!

பெரியப்பா: பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அக்கால ஆங்கில நாளிதழ்களில் மாதப் பெயரை எழுதாமல், நடப்பு மாதத்துக்கு 'இன்ஸ்ட்.', சென்ற மாதத்துக்கு 'அல்ட்.' (ult.), வரும் மாதத்துக்கு 'ப்ராக்ஸ்.' என்று லத்தீன் சொற்களைச் சுருக்கிப் போடுவது வழக்கம். இங்கே 'யு'வின் திறந்த வாய் மையால் அடைபட்டு 'ஓ'வாகவும், 'எல்'லின் மேல்பாதி மடிப்பில் தேய்ந்து 'சி'யாகவும் தெரிகிறது. கடைசி 'டி'யும் புள்ளியும் இரண்டு சொல்லுக்கும் பொது. ஆகவே அது 'அல்ட்.', அவர் இறந்தது செப்டம்பர் 28.

கோவை அத்தை: பாட்டி புரட்டாசியில் இலை போட்டுப் படைத்தார் என்று நான் சொன்னபோது, அது மகாளயத்துக்காக என்று என் வாயை அடைத்தது நீங்கள்தான்.

சித்தப்பா: பதவி என்ன ஆயிற்று? பொன்மலை ரயில்வே பணிமனை ஃபோர்மேனின், அதாவது மேற்பார்வையாளரின், பேரன் என்று சொல்லித்தானே எனக்குப் பெண் கேட்டீர்கள்?

பெங்களூர் அக்கா: இரண்டாம் எழுத்து 'ஓ' என்றால் ஃபோர்மேன், 'ஐ' என்றால் ஃபயர்மேன், அதாவது இன்ஜினில் கரி அள்ளிப் போட்டவர். ஈய அச்சில் 'ஐ' ஒடுங்கலாகவும் 'ஓ' அகலமாகவும் இருக்கும். அதே வரியில் தெளிவாக உள்ள ஒரு 'ஓ'வை, 'எஃப்'புக்கும் 'ஆர்'க்கும் நடுவிலுள்ள கறையின் மீது வைத்துப் பார்த்தேன். அது அங்கே அடங்கவில்லை.

சித்தப்பா: என் மாமனார் இந்தக் குழுவில் இல்லாதது நல்லதாயிற்று.

பெரியப்பா: அவசரப்படாதீர்கள். சென்னை கன்னிமாரா நூலகத்தில் அதே தேதித் தாள் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். கறை நம் தாளில் மட்டும் விழுந்ததென்றால் அங்கே எழுத்து தெளிவாக இருக்கும். அச்சே தேய்ந்திருந்தால் அங்கும் இதே கதைதான். அதுவரை பதவியைப் போட வேண்டாம்.

கோவை அத்தை: கரி அள்ளினார் என்றால் என்ன குறைந்துவிட்டது? போடுங்கள்.

சித்தப்பா: சமையல்காரருக்கு ஐப்பசித் தேதி சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

கோவை அத்தை: புரட்டாசி என்றால் வருகிறேன். ஐப்பசி என்றால் யோசித்துச் சொல்கிறேன்.

பெரியப்பா: அச்சகத்துக்காரர் அழைக்கிறார். பேசிவிட்டு வருகிறேன்.