அப்பாவின் சுருதியில் கற்றவள் தன் குரலில் பாட அனுமதி கேட்பது எப்படி?

கேள்வி | எழுதியவர்: நட்டபாடை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இருபது வயது. கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிவன் கோயிலில் என் தந்தை ஓதுவாராக இருக்கிறார். தீபாராதனை முடிந்ததும் சந்நிதியில் பஞ்சபுராணம், அதாவது சைவத் திருமுறைகளிலிருந்து ஐந்து பாடல்கள், பாடுவது அவர் பணி. கோயிலின் அந்த ஒழுங்கே எங்கள் வீட்டின் ஒழுங்கும். நீராடித் திருநீறு பூசி ஒரு பதிகமாவது ஓதாமல் எங்கள் வீட்டில் யாரும் காலையில் உண்டதில்லை. திரைப்பாட்டை முணுமுணுத்ததற்காக என் தம்பி ஒரு பகல் முழுவதும் திண்ணையில் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறான்.

ஐந்து வயதில் எனக்கு அப்பாவே பாடம் தொடங்கினார். அவர் ஓர் அடி சொல்ல, நான் இருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது, சொல் பிசகினால் பதிகத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கார்த்திகைச் சோமவாரங்களில் அவருக்குப் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் நான் பெரியவளான அன்றோடு அது நின்றது. "இனி வீட்டுக்குள் பாடினால் போதும்" என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குள் பாடுவதும் நாளடைவில் குக்கர் சத்தத்துக்கு அடியில் மறைத்துப் பாடுவதாகக் குறுகிவிட்டது.

சென்ற மாதம் கல்லூரித் தமிழ்மன்ற விழாவுக்காக ஒரு பதிகம் பாட ஒத்துக்கொண்டேன். ஒத்திகையில் ஆர்மோனியம் வாசித்த மாணவி, "உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று என் சுருதியின் உயரத்தைக் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அப்பாவின் ஒரு கட்டைச் சுருதியில் மட்டுமே பாடி வந்திருக்கிறேன் என்பதும், அது என் குரலுக்கு உரியதா என்று ஒருநாளும் யோசித்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அன்று மேல்ஸ்தாயியில் என் குரல் கீச்சிட்டு நின்றுவிட்டது.

மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டுத் தேவாரப் பிரிவில் சேர விரும்புகிறேன். பட்டப்படிப்பு இந்த ஆண்டு முடிகிறது. அப்பாவோ மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார். அவர் மீது எனக்கு வெறுப்பு இல்லை. எனக்குத் தெரிந்த பாட்டு முழுவதும் அவர் கொடுத்தது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

மறுமொழி 1 | எழுதியவர்: பழைய மாணவன்

அம்மா, நானும் ஓர் ஓதுவாரின் மகன்தான். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. உங்களுக்குப் பன்னிரண்டு வயதில் நேர்ந்தது எனக்குப் பதினான்கில் வேறு விதமாக நேர்ந்தது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தபோது, திருவாதிரை நாளில் கொல்லி என்ற பண்ணில் (பழந்தமிழ் இராகத்தில்) ஒரு பதிகத்தைத் தொடங்கிப் பாதியில் தொண்டை அடைத்து நின்றேன். என் தந்தை என்னைத் திரும்பிப் பார்க்காமல் மீதியை அவரே பாடி முடித்தார். மறுநாளிலிருந்து பாடத்துக்குக் கூப்பிடவில்லை. குரல் தெளிந்த பிறகு கூப்பிடலாம் என்று நினைத்திருக்கக்கூடும். நானோ அவர் என்னைத் தள்ளிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். ஆளுக்கொரு பக்கம் காத்திருந்தே பல ஆண்டுகள் போயின. அவர் காலமாகும்வரை அவர் காதுபட நான் ஒரு வரிகூடப் பாடவில்லை.

ஆகையால் நீங்கள் சொல்லப் போவதைவிடப் பாடப் போவதைப் பற்றியே எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. முதலில் உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள். ஒரு கட்டை ஆண் குரலுக்கு இயல்பானது. வளர்ந்த பெண் அதில் பாடினால் மேலே போகும்போது கீச்சிடும். அதைத் தவிர்க்க ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் காற்று மட்டுமே வரும். குழந்தைக் குரலுக்கு அந்த இடைஞ்சல் தெரியாது, அதனால்தான் முன்பு சரியாக வந்தது. பெரும்பாலான பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை பொருந்தும்; சிலருக்கு நாலரை. கைப்பேசியிலேயே சுருதிப்பெட்டிச் செயலி கிடைக்கிறது. கீழ்ப் பஞ்சமமும் மேல் பஞ்சமமும் வலியில்லாமல் எந்தச் சுருதியில் நிற்கின்றனவோ அதுவே உங்களுடையது. அது அமைந்த பின், நன்றாகத் தெரிந்த ஒரே பதிகத்தைப் பத்து நாள் பாடுங்கள். வேறு பதிகத்துக்குத் தாவ வேண்டாம்.

மறுமொழி 2 | எழுதியவர்: ஏட்டுச்சுவடி

உங்கள் தந்தை மரபை முன்வைத்துத்தான் தடுக்கிறார் என்றால் அந்த மரபுக்குள்ளேயே உங்களுக்கு இடம் இருக்கிறது. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளையான சம்பந்தரின் வாயில் பால் வழிவதைக் கண்டு, "யார் கொடுத்ததை உண்டாய்?" என்று கோலை ஓங்கியவர் சிவபாத இருதயர் என்ற ஆசாரமான தந்தை. அதற்கு விடையாகப் பிறந்ததுதான் 'தோடுடைய செவியன்'. நீங்கள் புனைபெயராக வைத்துக்கொண்டிருக்கும் நட்டபாடைப் பண்ணில் அமைந்தது. ஆக, திருமுறையின் முதற்பதிகமே கண்டிப்பான ஒரு தந்தைக்குப் பிள்ளை சொன்ன பதில்.

இன்னொன்று. தில்லையில் (சிதம்பரத்தில்) கறையான் மூடிய தேவார ஏடுகள் மீட்கப்பட்ட பிறகு, பாட்டு கிடைத்தும் பண் தெரியாமல் தவித்தார்கள் என்றும், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே பண்களை வகுத்துக் கொடுத்தாள் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. இதை வரலாறாகக் கொள்ளாதவர்கள் உண்டு. ஆனால் ஓதுவார்கள் மதிக்கும் நூலே இப்படிச் சொல்கிறது. தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவருக்கும் முந்திய காரைக்கால் அம்மையாரின் பதிகங்களுக்கு 'மூத்த திருப்பதிகம்' என்றே பெயர்.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராசன் அமர்த்திய 48 பேரும் ஆண்கள்தாமே என்று அவர் திருப்பிக் கேட்கலாம். கேட்டால், 2021 ஆகஸ்டில் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்கு ஒரு பெண் ஓதுவார் நியமிக்கப்பட்டதைச் சொல்லுங்கள்.

மறுமொழி 3 | எழுதியவர்: தேரிமணல்

மேலே எழுதியவர் கூறிய செய்திகளில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாகத் திருமுறை ஓதும் ஒருவருக்குச் சம்பந்தர் கதையை மகள் நினைவூட்டினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்தில் ஓர் ஊர்க் கிறிஸ்தவச் சபையின் உபதேசியார். ஆலயத்தில் பெண்கள் ஞானப்பாட்டுப் பாடலாம், பேசக் கூடாது என்பது அவர் கொள்கை. இருபத்திரண்டு வயதில், குடும்ப ஜெபம் முடிந்த ஓர் இரவில், வேதாகமத்தின் பெண் தீர்க்கதரிசிகளான மிரியாமையும் தெபொராளையும் வசன எண்ணோடு அவர் முன் அடுக்கினேன். அவரால் மறுக்க முடியவில்லை. வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பின் நெடுங்காலம் நான் இருக்கும்போது வசனத்தை விளக்கவே மாட்டார், வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்வார். வாதத்தில் நான் வென்றேன் என்பதில் ஐயமில்லை. எனக்கு வசனம் சொல்லிக் கொடுத்தவரை அவருடைய புத்தகத்தாலேயே வாயடைக்கச் செய்தேன் என்பதிலும் ஐயமில்லை.

தங்கையே, உங்கள் அப்பா காரணம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தீட்டாக இருக்கலாம், ஊர் வாயாக இருக்கலாம், 'கோயிலில் பாடும் பெண்' என்று சொல்லி வரன் தட்டிப்போகும் என்ற அச்சமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே பதில் பொருந்தாது. அம்மாவிடம் முதலில் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதோடு, அவர் சம்மதிக்காவிட்டாலும் சேரத்தான் போகிறேன் என்று நீங்கள் உள்ளுக்குள் தீர்மானித்திருந்தால், அனுமதி கேட்பது போல நடிக்க வேண்டாம். முடிவைத் தெரிவிப்பது வேறு, அனுமதி கேட்பது வேறு; அப்பாக்களுக்கு அந்த வேறுபாடு உடனே புரிந்துவிடும்.

கேள்வி கேட்டவரின் பதில் | நட்டபாடை

மூவருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது கோயில் நிர்வாகத்தில் ஒருவர், "பெண்ணை இன்னும் முன்னால் நிறுத்துகிறீர்களே" என்று பலர் கேட்க அப்பாவிடம் சொன்னாராம். அப்பா அதை வீட்டில் ஒரே ஒருமுறைதான் பேசினாராம். எட்டு ஆண்டுகளாக அவருடைய கட்டளை என்று நான் நினைத்திருந்தது, அவர் வாங்கிக்கொண்டு வந்த அவமானம். கோபம் முழுவதும் போய்விடவில்லை. அன்றே என்னிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா?

எனக்கு ஐந்தரைக் கட்டை. ஒன்பது நாளாகப் பின்கட்டில், குக்கரை அணைத்துவிட்டு, அந்த நட்டபாடைப் பதிகத்தையே பாடுகிறேன். நேற்று நான்காம் பாட்டில் இருந்தபோது திண்ணையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "மூன்றாம் அடியில் சொல்லை உடைக்காதே, சேர்த்துச் சொல்." சேர்த்துச் சொன்னேன். பிறகு, "சுருதி ஏன் இவ்வளவு உயரம்?" என்றார். என் கட்டை இதுதான் அப்பா என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் பதினோராம் பாட்டை முடிக்கும்வரை எழுந்தும் போகவில்லை.

இசைப்பள்ளி விண்ணப்பத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை அவர் மாலைப் பூசைக்குக் கிளம்பும் முன் தெரிவிக்கப் போகிறேன்.